நஸீமாவின் பச்சைக் குழாய்கள்

நஸீமாவின் ஆராய்ச்சியைக் கெடுத்தவள் நான்தான். பழியை அவள் சுமந்தாள். டாக்டர் பட்டத்தை நான் வாங்கிக்கொண்டேன். இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வகம் அடையாற்றில். ராயப்பேட்டையிலிருந்து அவள் வருவாள், மயிலாப்பூரிலிருந்து நான். ஒரே மேசை. அவள் டப்பாவில் தால்ச்சா வந்துவிட்டால் என் தயிர்சாதத்தை யார் சீந்துவார்கள்! அந்த மதியங்கள்... அவ்வளவு சிரித்து நான் பிறகு சாப்பிட்டதே இல்லை.

அவள் கையாண்டது ஓர் ஒளிரும் புரதம். பவள உயிரியிலிருந்து வந்த அதன் மரபணுவை பாக்டீரியாவுக்குள் சேர்த்தால், பாக்டீரியா பச்சையாக ஒளிரும். ஊதா ஒளி பட்டால் அந்தப் பச்சை சிவப்பாகிவிடும், திரும்பப் பச்சையாகாது. அதற்குப் பின் புதிதாக உருவாகும் புரதம் மட்டும் பச்சையாக இருக்கும். எது பழையது, எது புதியது என்று நிறமே சொல்லிவிடும்! அதனால் வேளை வரும்வரை குழாய்களை அலுமினியத் தாள் சுற்றி இருட்டில் வைத்திருப்பாள்.

ஒருநாள் அவள் நூலகத்துக்குப் போயிருந்தாள். எனக்கு அந்தப் பச்சையைப் பார்க்க ஆசை. நீல விளக்கில்தான் பார்க்க வேண்டும். அது பக்கத்து அறையில் இருந்தது. கைக்கெட்டிய ஊதா டார்ச்சை எடுத்து அடித்தேன்... ஒவ்வொரு குழாயிலும்! எழுந்து போகச் சோம்பல், அவ்வளவுதான். பொறாமை என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

தாளை முன்போலவே சுற்றி வைத்தேன்.

மறுநாள் கருவி எல்லாக் குழாயிலும் சிவப்பைக் காட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆராய்ச்சிக்கு நிதி தருபவர்கள் பார்க்க வருவதற்கு இரண்டே நாள். எங்கள் பேராசிரியர் கொதித்துப் போனார்.

"இன்னாம்மா இது? ஃபாயில் கூட ஒழுங்கா சுத்தத் தெரியாதா?"

"சுத்தித்தான் சார் வெச்சேன். ரேவதி, நீ பாத்தல்ல?"

பார்த்திருந்தேன். "நான் கவனிக்கலியே" என்றேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? பயமா? ஒரு நொடிப் பயத்துக்கு ஒருத்தியின் வாழ்க்கையைக் கொடுக்கலாமா?

"இனிமே இத ரேவதி பாக்கட்டும்" என்றார் அவர். சில மாதங்களில் நஸீமா விலகிப் போனாள். எனக்கு எல்லாம் சரியாக வந்தது. வராமல் என்ன செய்யும்? எங்கே தவறு நடந்தது என்று எனக்குத்தானே தெரியும்!

போன மாதம் பாண்டி பஜாரில் அவளைப் பார்த்தேன். ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வீட்டில் டியூஷன் எடுக்கிறாளாம். பேச்சு தானாகவே அந்தக் குழாய்களுக்குப் போனது.

"அப்ப சார் மேல அவ்ளோ கோவம்டி. இப்ப யோசிச்சா, நான்தான் எங்கியோ கவனமில்லாம உட்டுட்டேன் போல. எங்க பசங்ககிட்ட கூட அதச் சொல்லித்தான் திட்டுவேன். உன் கைக்குப் போனதாலதான் அது உருப்பட்டுச்சு!"

சொல்லியிருக்கலாம். அந்த நடைபாதையில், அந்தக் கூட்டத்தில், ஒரே ஒரு வாக்கியம்...

"பழைய கதை, விடுடி" என்றேன்.

"சுத்தித்தான் வெச்சேன்" என்று அன்று அவளுக்காவது நிச்சயமாகத் தெரிந்திருந்தது. இன்று அதுவும் அவளிடம் இல்லை.