அம்மாவுக்குக் கிடைத்த மூன்று நிமிடம்

கம்ப்யூட்டர்க்காரர்கள் 'உங்கள் பாதுகாப்புக்காக' என்று ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பாதுகாப்பு ஒரு நாள் என் அம்மாவின் வாயை அடைத்தது.

அம்மா பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். விசில் இல்லாமலே மைதானத்தின் அடுத்த கோடியில் நிற்பவளைத் திரும்பிப் பார்க்க வைக்கும் குரல். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்த பிறகு மூச்சுச் சத்தம்தான் மிஞ்சியது. என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, தமிழில் எழுதும் ஓர் ஆப்பையும், எழுதியதை வாசிக்கும் ஒரு புரோகிராமையும் இணைத்துக் கொடுத்தேன். அம்மா எழுதிவிட்டுப் பொத்தானை அமுக்குவாள். ஆப் அந்தப் புரோகிராமைக் கூப்பிடும், அது தகரத்தைத் தட்டின மாதிரி பேசும். பால்காரர் முதல் என் மனைவி வரை எல்லோரும் அந்தக் குரலில் ஏச்சு வாங்கினார்கள். வீடு பழையபடி ஆனது.

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருக்கிறது. சீசன் வந்தால் பக்கத்து லாட்ஜ் நிரம்பும், அதன் கழிவுநீர் எங்கள் கிணற்றில் இறங்கும். அம்மா மூன்று முறை மனு கொடுத்தாள். பதிலே இல்லை.

"எழுதிக் குடுத்தா எவன்லே படிக்கான்? காதுல விழணும். நானே பேசுதேன்" என்று லேப்டாப் சொன்னது.

குறைதீர் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அதற்காக அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் நான் ஒரு மேதாவித்தனம் செய்தேன். ஆப்பின் பழைய பதிப்பைத் தூக்கிவிட்டு சாண்ட்பாக்ஸ் பதிப்பைப் போட்டேன். ஆப்பைத் தனி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துகிற ஏற்பாடு அது. பாதுகாப்பானது என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள், நானும் மண்டையை ஆட்டினேன். ஆப் திறந்தது, அம்மா எழுதிய பக்கமும் வந்தது. பொத்தானை மட்டும் அமுக்கிப் பார்க்கவில்லை.

மறுநாள் அம்மாவின் முறை வந்தது. லேப்டாப்பை மைக் பக்கத்தில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினாள். 'அப்படியொரு புரோகிராம் இல்லை' என்றது திரை.

எப்படி இல்லாமல் போகும்? ஆப்பை விட்டுவிட்டு, நேரடியாகக் கட்டளை அடிக்கிற டெர்மினலைத் திறந்து அந்தப் புரோகிராமுக்கு 'சோதனை' என்று அடித்தேன். சோதனை என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியது. நாலு பேர் சிரித்தார்கள். புரோகிராம் குத்துக்கல் மாதிரி அங்கேயேதான் இருக்கிறது, பூட்டிவைத்த ஆப்புக்குத்தான் அது கண்ணில் படவில்லை. அம்மா எழுதியதை அந்த டெர்மினலிலேயே கொடுத்திருக்கலாம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அப்போது ஆத்திரத்தில் ஆப்பின் பொத்தானையே திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, சீக்கிரம் முடிங்க. கடையம் பஸ்ஸு போயிரும்" என்றார் பின்னால் நின்றவர்.

"பரவால்லம்மா, உங்க பையனே வாசிக்கட்டும்" என்றார் அதிகாரி.

திரை என் முன்னால் இருந்தது. 'இந்தத் தண்ணில ஒரு தம்ளர் உங்க பிள்ளைக்குக் குடுப்பீங்களா? என் மூணு மனுவும் எங்கன கெடக்கு? எனக்கு இன்னைக்கே பதில் வேணும்' என்று இருந்தது. என் வாயில் வந்தது வேறு. "ஐயா, தயவுசெய்து நேரம் கிடைக்கும்போது கொஞ்சம் பார்த்து உதவணும்" என்றேன். அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பார்ப்போம்" என்றார். அம்மாவின் நகம் என் முழங்கையில் பதிந்தது.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். வெளியே இருக்கிற புரோகிராமைக் கூப்பிடலாம் என்று ஆப்புக்கு ஓர் அனுமதி, கூப்பிடும் கட்டளையில் ஒரு திருத்தம், அவ்வளவுதான் வேலை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடமும் இந்த சாண்ட்பாக்ஸைச் செய்தவர்களின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினேன். ஓர் ஆளின் பேச்சைப் பூட்டிவைக்க இவர்கள் யார் என்று அடுப்படி வரைக்கும் கேட்கக் கத்தினேன்.

அம்மா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். நிதானமாக எழுதிப் பொத்தானை அமுக்கினாள்.

"அவனுவள விடு. நான் எழுதுனதுல தயவுசெய்து எங்கலே இருந்துச்சு?"