வெங்கடம்மாவின் முதல் விலை

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்கடம்மா மாத்திரைகளைத் தரம் பிரித்தாள். ஒரு வாரத்துக்கான டப்பாவை மகன் ஹரீஷ்குமார் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு மாத்திரையையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் உள்ளே போட்டாள். ராயக்கோட்டை மண்டியில் முப்பது வருடம் தக்காளி அழுத்திய விரல் அது. மார்ஃபின் தேறியது. மலச்சிக்கல் மாத்திரை மட்டும் எப்போதும் கழிவில் போனது.

"இதத் தின்னா கக்கூசுலதான் கட போடணும்."

"மார்ஃபின் வயித்தக் கட்டும்மா. அது உள்ள போனா இதுவும் கூடப் போயே ஆகணும்."

"உங்கப்பாரு எம்பின்னாடியே சந்தைக்கு வந்தாரே, அந்த மாதிரியா?"

இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. செவ்வாய்க்கிழமை அவள் இறந்துபோனாள்.

விலை பேசத் தெலுங்கு, லாரிக்காரரைத் திட்டக் கன்னடம், மகனிடம் மட்டும் தமிழ். மூன்று மொழியிலும் அவளுக்கு ஒரே விதி: கேட்டதும் உண்மையைச் சொல்லிவிடக் கூடாது.

புற்றுநோய் முதுகெலும்புக்குப் போன பிறகு இந்த விதிதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. கிருஷ்ணகிரியில் வலிக்கென்று இருந்த கிளினிக்குக்கு வியாழன்தோறும் போனார்கள். நர்ஸ் கவிப்ரியா கேட்பாள்: "பத்துக்கு எவ்ளோ வலிம்மா?"

"மூணு."

நர்ஸ் எழுதிக்கொள்வாள். மூன்றுக்கு உண்டான மாத்திரையை டாக்டர் கொடுப்பார். வெங்கடம்மா வீட்டுக்கு வந்து, உட்கார முடியாமல், சுவரைப் பிடித்து நின்றுகொண்டே சோறு தின்பாள். மூன்று வாரம் இப்படியே போனது.

ஹரீஷ்குமார் ஓசூர்க் கம்பெனி ஒன்றில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவன். மீட்டர் தப்பாகக் காட்டினால் அவனுக்குச் சோறு இறங்காது.

"உக்காரக்கூட முடியல, அப்பறம் ஏம்மா மூணுங்கற?"

"மாத்திர வாங்கப் போறவ நானு. வாங்கறவ எடுத்ததும் எட்டும்பாளா? மூணுல ஆரம்பிச்சேன். அந்தப் புள்ள ஏத்தணுமில்ல? எழுதிக்கினு போயிடறா. யாவாரமே தெரியல அவளுக்கு."

அடுத்த வியாழன் அவனே முந்திக்கொண்டு எட்டு என்றான். "கெடுத்துட்டான்" என்று வெங்கடம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மார்ஃபின் வந்தது, நாலு மணி நேரத்துக்கு ஒன்று. டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தார். ஐந்தாம் நாள் அவள் படுத்துத் தூங்கினாள். ஆறாம் நாள் மண்டியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, விடுபட்ட ஒரு மாதத்துக்கும் சேர்த்து எல்லாரையும் திட்டிவிட்டு வந்தாள்.

பக்கத்துக் கடை ராமப்பன் காதோடு சொன்னார்: "போத மாத்திரையாமே அக்கா. பழகிடுமாமே."

"நீ பீடிய விட்டுட்டு வந்து சொல்லு ராமப்பா, நானும் விட்டுடறேன்."

கடைசியாகக் கிளினிக் போன அன்று பர்கூர் சென்னகிருஷ்ணன் அவள் கண்ணில் பட்டார். கல் குவாரியில் இருந்தவர். நர்ஸ் கேட்டதற்கு "ரெண்டு" என்றார். அவர் கை பெஞ்சின் விளிம்பை விடவேயில்லை. திரும்பும் பஸ்ஸில் வெங்கடம்மா அதையே பேசிக்கொண்டு வந்தாள்.

"என்னியவிட மோசமான ஆளு. எதுக்குக் கம்மியாச் சொல்றாரோ. வர்ற வியாழக்கெழம அவரப் புடிச்சு உள்ளதச் சொல்ல வெக்கணும்டா. எனக்கு ஞாபகப்படுத்து."

அவள் சொன்ன அந்த வியாழன், அவள் போய் இரண்டாம் நாள், மிஞ்சிய மார்ஃபினைத் திருப்பிக் கொடுக்க ஹரீஷ்குமார் தனியாகப் போனான். பெஞ்சில் சென்னகிருஷ்ணன் சாய்ந்தும் சாயாமலும் இருந்தார். பக்கத்து இடம் காலியாக இருந்தது.

"அம்மா வரலீங்களா தம்பி?"

அவன் வாயைத் திறப்பதற்குள் கவிப்ரியா நோட்டோடு வந்துவிட்டாள்.

"பத்துக்கு எவ்ளோ வலிங்க ஐயா?"

"ரெண்டும்மா."

நோட்டில் அவள் பேனாவை வைக்கப்போன கட்டத்தின் மேல் ஹரீஷ்குமார் உள்ளங்கையை விரித்து வைத்தான்.