வெள்ளைக்கார மூதாதைக்கு ஒரு பொன்னாடை

எங்கள் அண்ணனுக்கு அமெரிக்காவில் டல்லாஸ் பக்கத்து ரிச்சர்ட்சனில் பெரிய வீடு, இரண்டு கார், சர்ச்சில் முதல் வரிசையில் இடம் என்று எல்லாம் இருந்தது. ஒரே ஒரு குறை. உடம்பில் வெள்ளைக்கார ரத்தம் ஓடுவதற்கு அத்தாட்சி இல்லை. டெலிகாம் கம்பெனியில் காலமெல்லாம் கேபிளோடு மல்லுக்கட்டிவிட்டு, ரிட்டயர் ஆன கையோடு அந்தக் குறையைத் தீர்க்கக் கிளம்பினார்.

விஷயம் இதுதான். எங்கள் குடும்பப் பெயர் ஓர் ஆங்கிலப் பெயர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் அது ஓர் அதிசயமே இல்லை. எங்கள் அப்பாவின் தாத்தா, அதாவது எங்கள் பூட்டனார், மிஷன் போர்டிங்கில் வளர்ந்து உபதேசியார் ஆனவர். முதலில் அந்தப் பெயரைத் தாங்கியவர் அவர்தான். அவரைப் பெற்றவர்கள் யார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் காலி இடத்தில்தான் அண்ணன் ஒரு மிஷனரி துரையைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். துரை வந்தாராம், நம் ஊர்ப் பெண்ணைக் கட்டினாராம், பிறந்த பிள்ளைக்குத் தன் பெயரையே வைத்தாராம், வயதான காலத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பிப்போய்க் கண்ணை மூடினாராம். ஆதாரம் என்னவென்று கேட்டால் எங்கள் அப்பாவின் மூக்கைச் சொல்வார்.

எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பி டிஎன்ஏ டெஸ்ட் கூடச் செய்து பார்த்தார். இங்கிலாந்து ஒரு சொட்டு இல்லை, சுத்தமான தெற்கு என்று பதில் வந்தது. "அவங்ககிட்ட சாம்பிள் பத்தலட்டி" என்றார் என்னிடம். வெள்ளைக்காரன் நடத்துகிற கம்பெனியில் வெள்ளைக்கார சாம்பிள் பத்தவில்லையாம்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவர் கம்ப்யூட்டரில் குடும்ப மரம் ஒன்றை வரைந்து, அதைப் புத்தகமாகப் போடப்போவதாகச் சொல்லி, பிடிஎஃப்பை வாட்ஸப் குரூப்பில் அனுப்பினார். எல்லார் பெயருக்கும் மேலே கறுப்பில் அழுத்தமான கோடு இருந்தது. என் மகளுக்கு மட்டும் புள்ளிக்கோடு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'தத்து'. அவளை மதுரைக்குப் பக்கத்தில் ஒரு ஆசிரமத்திலிருந்து கைக்குழந்தையாக நாங்கள் தூக்கி வந்தோம். அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அந்த பிடிஎஃப் வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஃபோனை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஒய் ஆம் ஐ டாட்டெட்?" என்று கேட்டாள்.

உடனே அண்ணனைக் கூப்பிட்டேன். "ஏட்டி, எனக்கு அவமேல பாசம் இல்லன்னு நினைக்காத. இது ஹிஸ்டரி. ஹிஸ்டரின்னா ரத்தம்தான்" என்றார். அந்தப் புள்ளிகளை அவர் கையாலேயே அழிக்க வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அதற்குப் பிறகு எனக்கு வேண்டியிருந்தது. கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. மனுஷன் அசையவில்லை.

போன வருஷம் மூதாதை கிடைத்துவிட்டார். ஏதோ ஓர் ஆங்கிலக் கிராமத்துச் சர்ச்சின் கல்லறைகளையெல்லாம் யாரோ படம் எடுத்துப் பெயர் வாரியாக இணையத்தில் போட்டிருந்தார்கள். அதில் பூட்டனாரின் முழுப்பெயர் ஓர் எழுத்து மாறாமல் இருந்தது. அண்ணன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அழுதார் என்று மதினி ஃபோன் பண்ணிச் சொன்னார். அடுத்த மாதமே டிக்கெட் போட்டார்கள். நானும் வருகிறேன் என்றேன். பக்தியெல்லாம் கிடையாது, வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

அந்தக் கிராமத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சர்ச், ஒரு பப், நிறைய ஈரம். அண்ணன் தூறலில் கோட்டும் டையுமாக நின்றார். ரிச்சர்ட்சன் புடவைக் கடையில் வாங்கிய சரிகைப் பொன்னாடை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறி, அந்தக் கல்லறைக் கல்லுக்குப் போர்த்தினார். கட்சி மாநாட்டில் மாவட்டச் செயலாளருக்குப் போர்த்துவார்களே, அப்படியே. மதினி அதை வீடியோ காலில் குடும்பம் முழுவதற்கும் காட்டினார். சான்டா கிளாராவிலிருந்து ஸ்தோத்திரம் வந்தது, நியூஜெர்சியிலிருந்து அல்லேலூயா வந்தது. ஒரு சித்தப்பா, "சாயல் தெரியுது" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது கல்லை.

எங்களைச் சந்திக்க வருவதாகச் சொல்லியிருந்த அம்மாள் அப்போதுதான் வந்து சேர்ந்தார். கிராமத்து வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர். பொன்னாடையைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு கல்லின் அடியில் மண்டியிருந்த புல்லைக் காலால் விலக்கி, "ஹி வாஸ் ஒன்லி ஃபோர், யு நோ" என்றார்.

புல்லுக்குப் பின்னால் எழுதியிருந்தது. நாலு வயதில் செத்த பையன். மிஷனரியாகவில்லை, கப்பல் ஏறவில்லை, பல்லே ஒழுங்காக விழுந்து முளைக்கவில்லை. மதினி சட்டென்று வீடியோவை அணைத்தார்.

மிச்சத்தை அந்த அம்மாள் சர்ச்சுக் கூடத்தில் வெந்நீர் மாதிரி ஒரு டீயைக் கொடுத்து, பழைய கடிதக் கட்டு ஒன்றைப் பிரித்துவைத்துச் சொன்னார். பஞ்ச காலத்தில் திருநெல்வேலி மிஷனில் அநாதைப் பிள்ளைகள் வந்து குவிந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொள்கிறவர்கள், அந்தப் பிள்ளைக்குத் தங்களுக்குப் பிடித்த பெயரை வைக்கலாம். அப்படி ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, எங்கோ பெயர் தெரியாத கறுப்புப் பையன் ஒருவனுக்குச் செத்த மகனின் பெயரை வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறாள். அவன்தான் எங்கள் பூட்டனார். "எங்கள் இந்தியப் பையன் என்ன ஆனான் என்று நாங்கள் அடிக்கடி நினைத்துக்கொள்வோம்" என்றார் அந்த அம்மாள், என்னவோ நேற்றுத்தான் பஸ் ஏற்றி அனுப்பியதுபோல. எங்கள் இந்தியப் பையனாம். எனக்கு அவர்மேலும் எரிச்சல் வந்தது.

நான் பூட்டனாரைத்தான் நினைத்துக்கொண்டேன். பசியோடு வந்து நின்ற குழந்தையிடம், இனி உன் பெயர் இது என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் அவனை அவன் அம்மா என்னவென்று கூப்பிட்டாளோ, அது அன்றோடு போயிற்று.

அண்ணன் டீயைக் குடிக்காமல் எழுந்துபோய், பொன்னாடையை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தார்.

டல்லாஸ் திரும்பிய பிறகு ஒரு நாள் மிக்சர் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தார். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். "பாப்பாவுக்கு நேர்கோடு போட்டுர்றேன். ப்ராக்கெட்டும் எடுத்துர்றேன். நீ அந்த வில்லேஜ் விஷயத்த யாருகிட்டயும் பேசாத."

"அப்ப பூட்டனாருக்கு அப்பா யாரு?" என்றேன்.

"அந்தச் செத்துப்போன பையனுக்கு ஒரு பெரியப்பா, அதே பேருல. அவருதான் இந்தியாவுக்கு வந்தாருன்னு வச்சுக்கிடலாம். அந்தக் காலத்து ரெகார்ட்ஸ்ல பாதி கிடையாது, யாரு செக் பண்ணப்போறா?"

ஹிஸ்டரி என்றால் ரத்தம்தான் என்ற மனுஷன் இவர்தான். நான் மிக்சர் பாக்கெட்டை வாங்கி மேஜைமேல் வைத்தேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார். மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மகள் இறங்கி வந்து மிக்சரைப் பிரித்தாள். "ஸோ, மாமா பொய் சொன்னா எனக்கு ஸ்ட்ரெய்ட் லைன். தட்ஸ் தி டீல்?" என்றாள். ஆமாம் என்றேன். ஒரு வாய் தின்றுவிட்டு, "நோ தேங்க்ஸ்" என்று பாக்கெட்டை என் பக்கம் தள்ளினாள்.

தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் குடும்பக் கூடுகை. சர்ச் ஹாலை வாடகைக்கு எடுத்து, பிரியாணிக்குச் சொல்லி, திரையில் மரத்தைப் போட்டார் அண்ணன். சொன்ன சொல் தவறவில்லை, என் மகளுக்கு அழுத்தமான கறுப்புக் கோடு. உச்சியில் துரை. எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் எழுந்து மைக்கை வாங்கினேன். அண்ணன், "ஏட்டி, உக்காரு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. நான் உட்காரவில்லை. கல்லறையைச் சொன்னேன், நாலு வயதைச் சொன்னேன், பஞ்சத்தைச் சொன்னேன். "நம்ம பூட்டனாரு யாரு பெத்த பிள்ளைன்னே தெரியாது. அவருக்கு மேல வர வேண்டியது புள்ளிக்கோடு. அதுக்குக் கீழதான் நாம அம்புட்டு பேரும் இருக்கோம்" என்றேன்.

ஒருவராவது அந்தப் பையனுக்காக ஐயோ பாவம் என்பார் என்று காத்திருந்தேன். நியூஜெர்சி சித்தி தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பதறிப்போய்க் கேட்டார்: "ஐயையோ, அப்படின்னா நாம என்ன ஆளுக?"

என்ன ஜாதி என்று கேட்கிறார். என் மகளை முதன்முதலாக வீட்டுக்குத் தூக்கி வந்த அன்றைக்கு, குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் இதே சித்தி அவளைப் பற்றி என்னிடம் கேட்டதும் இதைத்தான்.

"தெரியாது சித்தி" என்றேன் மைக்கில். "யாருக்கும் தெரியாது. இனிமே கண்டுபிடிக்கவும் முடியாது."

அதைச் சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க நான் முயற்சிகூடப் பண்ணவில்லை.