பையில் இரண்டு பயோடேட்டா

என் பையில் இரண்டு பயோடேட்டா இருந்தன. ஒன்றில் ‘கராத்தே, கறுப்பு பெல்ட்’ என்ற வரி உண்டு, மற்றதில் இல்லை. குமுளியில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ.

“ஏட்டி, அடிக்கிற புள்ளைய எவன் வேலைக்கு வைப்பான்?” என்றாள் அம்மா. எஸ்டேட் வேலையிலிருந்து அவள் ரிட்டயராகச் சில மாதங்களே இருந்தன. அதன்பின் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும்.

பஸ்ஸில் வழியெல்லாம் தாள்களை மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன். கடைசியில் வரி இல்லாததையே கொடுத்தேன்.

உள்ளே மேனேஜர் அம்மா, “உட்காரும்மா” என்றார். நானோ கராத்தே மாஸ்டருக்கு வணக்கம் வைக்கிற பழக்கத்தில், முஷ்டிகளைத் தொடையோடு ஒட்டிக் குனிந்து, “ஓஸ்!” என்று கத்திவிட்டேன்.

அவர் தாளைப் பார்த்தார். “கராத்தேயா? இதுல காணோமே?”

“பயந்துருவீங்கன்னு எடுத்துட்டேன் மேடம்.”

“கெஸ்ட் யாராச்சும் கத்துனா அடிச்சிருவியா?”

“இல்ல மேடம். ரெண்டடி பின்னால போயி நிப்பேன். மாஸ்டர் மொதல்ல சொல்லிக்குடுத்ததே அதுதான்.”

“அது எழுதின தாள் இருக்கா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டார். முதலில் கொடுத்ததைத் திருப்பித் தந்தார். “கூப்பிடுறோம்.”

ஒரு வாரமாகிறது. போன் அடித்தாலே எழுந்து நின்றுவிடுகிறேன். இன்னும் கூப்பிடவில்லை. நேற்று, திருப்பித் தந்த தாளைக் கிழித்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

“நல்ல தாளாச்சேட்டி?” என்றாள் அம்மா.

“அதுல நான் பாதிதாம்மா இருந்தேன்.”