இணைப்பு மறுக்கப்பட்ட காலைகள்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் வேலை செய்தேன். காலையில் பேக்கிங் பகுதி தொடங்குமுன், தரவுகள் இருக்கும் சர்வர் இணைப்புகளை ஏற்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. என் மேசையிலிருந்து ஒருமுறை உள்ளே நுழைந்து பார்ப்பேன். அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை நுழைய முடியவில்லை. சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் திரையில் ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வந்தது. நிறுத்தி மீண்டும் ஓட விட்டேன், சரியானது. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது முறை, நிறுத்துவதற்கு முன் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்தேன். ஒரே நேரத்தில் இணையக்கூடிய இடமெல்லாம் நிரம்பியிருந்தது. பெரும்பாலும் பேக்கிங் பகுதியின் நான்கு கம்ப்யூட்டர்கள். தினமும் முறையாக வெளியேறாமல் அணைத்ததால், ஒவ்வொரு நாளின் இணைப்பும் இன்னும் உள்ளே இருப்பதாகவே சர்வர் கணக்கு வைத்திருந்தது.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் புக்கிட் காத்திலிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. பெட்டி கட்டும் வேலையில் சேர்ந்து, அந்த வருடம்தான் கம்ப்யூட்டருக்கு வந்திருந்தார். பட்டியலைப் பார்த்த மேனேஜர், “அவங்களுக்கு இது சரிவராது. பழைய வேலைக்கே அனுப்பிடலாம்” என்றார்.

நான் பேக்கிங் பகுதிக்குப் போனேன். “அக்கா, வேலை முடிஞ்சா எப்படி ஆஃப் பண்றீங்க?”

“மெயின் சுவிட்ச்தான் லா. நீதானே எழுதி ஒட்டுன?”

சுவரில் என் கையெழுத்தில் ஒரு தாள் இருந்தது: ‘போகும்போது மெயின் சுவிட்சை அணைக்கவும்.’ முதலில் புரோகிராமை மூட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அதை ஒட்டியதையே மறந்திருந்தேன்.

திரும்பி நடக்கையில், பழுது சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னால் போதும் என்று தோன்றியது. மேனேஜரின் கதவருகே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே போய், “நோட்டீஸ் எழுதுனது நான்தான் சார். அவங்க அதுல இருந்ததத்தான் செஞ்சாங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மறுநாள் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அக்கா அதே இடத்தில் இருந்தார்.

புதுத் தாளோடு அக்காவிடம் போனேன். வாசித்துப் பார்த்துவிட்டு, “‘வெளியேறவும்’னு மட்டும் போட்டிருக்க. புதுசா வர்றவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. எந்த பட்டன்னு எழுது” என்றார்.

அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன்.