பூண்டுத் தண்ணீர்

அந்தச் சித்திரையில் என் குழந்தைக்கு ஐந்து மாதம். எனக்கு விஷக்காய்ச்சல் வந்து பால் வற்றிப்போயிருந்தது. கணவர் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலைக்காகக் கடல் தாண்டிச் சைகோனில் இருந்தார். அங்கிருந்து கப்பல் வந்தது, கடிதம் வரவில்லை. குருசுக்குப்பத்துக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்னால் நாலு பாத்தி தண்டுக்கீரையும் கொஞ்சம் வெண்டையும் போட்டிருந்தேன். கீரை விற்றால்தான் அன்றைக்கு அரிசி. குழந்தைக்குப் பால், பக்கத்து வீட்டு அக்காவின் ஆட்டிடமிருந்து.

அந்த அக்கா நல்லவள். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், காசு வாங்கமாட்டாள். "மாதா புண்ணியத்துல கறக்குது, நீ குடுத்துதான் நான் பொழைக்கப்போறனா?" என்பாள். ஆனால் அந்த ஆடு கறந்ததெல்லாம் என் கீரையைத் தின்றுதான். முள் வைத்தேன், தாண்டியது. கல்லெறியக் கை வரவில்லை. மடியில் பட்டுவிட்டால் என்ன செய்வது? ஆட்டைக் கட்டிப் போடு என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவள் முகம் சுளித்து ஒரு வேளை டம்ளர் வராமல் போனால் என் பிள்ளை கதி என்ன? சிரித்த முகத்தோடு பாலை வாங்கிக்கொள்வேன். உள்ளே வயிறு எரியும்.

என் அண்ணன் ஒரு வெள்ளைக்கார மதாம் வீட்டில் தோட்டவேலை செய்துகொண்டிருந்தான். அவனிடம் அழுதேன்.

"எங்க மதாம் ரோஜாவுக்கு இதான் அடிக்கிறேன். பூண்டையும் காஞ்ச மொளகாவையும் அரைச்சி, தண்ணியில மூணு நாளு ஊற வச்சி அடி. ஆடு என்ன, அணில்கூட கிட்ட வராது" என்றான். மதாம் வேண்டாமென்று போட்ட கொசுமருந்துத் தகரப் பம்பு ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தான்.

கண் எரிய எரிய இலை இலையாக அடித்தேன். விற்கும்போது கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆடு வந்தது, முகர்ந்தது, தும்மியது, போய்விட்டது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் நான் கீரைக்கட்டோடு கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் ஆடு ஒன்றரைப் பாத்தியை மேய்ந்துவிட்டது. அந்த வெயிலில் தெருவில் வேறு பச்சை ஏது? பசிக்கு முன்னால் பூண்டாவது மிளகாயாவது.

அன்று சாயங்காலம் குழந்தை பாலைத் துப்பியது. மறுநாள் காலையிலும் பால் சங்கை வாயருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. மாந்தமோ, தோஷமோ என்று பதறினேன். மாதாவே, எனக்கு இருப்பது இது ஒன்றுதான் என்று கதறினேன். அதற்கப்புறம்தான் அந்தப் பாலை வாயில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. குப்பென்று பூண்டு நாற்றம்.

அப்போதே அக்காவும் வந்தாள். "பால் ஒரே நாத்தம்மா. ஆட்டுக்கு என்னமோ சீக்கு. நாளைக்குக் கசாப்புக்காரன வரச் சொல்லிட்டேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் பாத்தியைப் பார்த்தாள், பம்பைப் பார்த்தாள், திரும்பி வீட்டுக்குப் போனாள். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

ஆனால் அந்த ஆடு இன்னொரு வாய் தின்றுவிடக் கூடாது. மிச்சமிருந்த கீரை, பூ விட்டிருந்த வெண்டை எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிக் குழி தோண்டிப் புதைத்தேன். மறுநாள் கசாப்புக்காரன் வரவில்லை, பாலும் வரவில்லை. இரண்டு நாள் குழந்தைக்கு வடிகஞ்சியைத் துணியில் வடிகட்டிப் புகட்டினேன். அழக்கூடத் தெம்பில்லாமல் அது தோளில் கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் அக்கா டம்ளரோடு வந்தாள். அவள் எதிரிலேயே வெட்கமில்லாமல் முகர்ந்து பார்த்தேன். நாற்றம் இல்லை. சங்கில் கொஞ்சம் ஊற்றிப் புகட்டினேன், குழந்தை மடக் மடக்கென்று குடித்தது. அக்கா வெறும் மண்ணாகக் கிடந்த பாத்திகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏம்மா, ஆட்டக் கட்டிப் போடுக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கட்டியிருப்பேனே" என்றாள்.

மனதாரத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அவள்மேல் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! சங்கில் இன்னும் பாதிப் பால் இருந்தது, மீதிப் பால் அவள் கையிலிருந்த டம்ளரில் இருந்தது. குழந்தை குடித்து முடிக்கும்வரை நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.