தூண்டில் பையில் போன துப்பாக்கி

வீட்டை வாங்குகிறவர்கள் அதற்குள் இருந்தவரின் ரகசியத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் நாங்கள் வாங்கிய வரிசை வீடு, செத்துப்போன ஒரு நோர்வேக் கிழவருடையது. விற்றவர் அவருடைய ஒரே மகள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், வடக்கே தொலைவில் ஓர் ஊரில் இருந்தார். கதவுத் திறப்பைத் தரும்போது, அப்பாவின் சாமான் ஏதும் அகப்பட்டால் கூப்பிடுங்கள் என்று தன் தொலைபேசி எண்ணை ஒரு துண்டில் எழுதித் தந்தார். அதை நான் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். பால் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

அப்போது ஊரில், இலங்கையில், சமாதானக் காலம். வன்னிக்குப் போகும் பாதை திறந்திருந்தது. நோர்வேக் கடவுச்சீட்டு வைத்திருந்த எங்கள் ஆட்கள் கோடை வந்தால் போதும், சூட்கேஸ் நிறையச் சாக்லேட்டும் சோப்பும் அடைத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். திரும்பி வந்து குரோருட்டில் ஒரு கலியாண வீட்டில் நின்று, கிணற்றுத் தண்ணீரில் குளித்த கதையை ஒரு மணித்தியாலம் சொல்லுவார்கள். என் கணவரிடம் இருந்தது அகதிக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். அதை வைத்து உலகம் முழுக்கப் போகலாம், விட்டு ஓடிவந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. அவருடைய அம்மா, என் மாமி, வன்னியில் தனியே இருந்தார். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது, மற்றது போய்க்கொண்டிருந்தது. தொலைபேசியில் அவர் கேட்பது ஒன்றுதான், எப்ப வாறாய். கண் தெரியும்போதே மகனைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தார். நாங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். என் கணவர் பெயரில் வாகன அபராதம்கூடக் கிடையாது. சிவப்பு விளக்கு எரிந்தால், ஒரு நாய்கூட இல்லாத தெருவிலும் நிற்கிற மனிதர்.

பிள்ளைகள் தமிழ் வகுப்புக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, இவர் நிலக்கீழ் அறையில் ஈரம் ஊறிய பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் மேலே பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

"ஒருக்கா கீழை வாரும். சத்தம் போடாதையும்."

பலகைக்கும் சுவருக்கும் நடுவில் எண்ணெய்ச் சீலை சுற்றிய ஒரு பொதி இருந்தது. அவிழ்த்தால் துப்பாக்கி. பார்த்தால் குழாய் வேலைக்காரன் விட்டுவிட்டுப் போன இரும்புத்துண்டு மாதிரித்தான் இருந்தது. ஆனால் நாங்கள் ஊரில் எல்லா வகையும் பார்த்துவிட்டு வந்தவர்கள். அது ஒவ்வொன்றாகச் சுடுவதல்ல, சடசடவென்று கொட்டுவது. பக்கத்தில் ரவைகள் நிறைந்த தகரப்பெட்டி. கிழவர் ஜெர்மன்காரருக்கு எதிராகக் காட்டுக்குள் நின்றவர் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் எல்லோரும் ஆயுதத்தைக் கொடுக்க, கிழவர் மட்டும் கொடுக்காமல் சுவருக்குள் வைத்திருக்கிறார். அறுபது வருடமாக ஒரு எலிகூட அதைக் காட்டிக்கொடுக்கவில்லை, எங்கள் ஈரம் காட்டிக்கொடுத்தது.

நான் சொன்னேன், வீட்டை விற்ற அந்த மனிசியைக் கூப்பிடுவோம், எண்தான் இருக்கிறதே என்று.

"கூப்பிட்டு என்னெண்டு சொல்லுறது? தமிழன்ரை வீட்டுக்குள்ளை மெஷின் கன் கிடக்கெண்டோ?"

அவருடைய பயத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அவருடைய அண்ணன் ஒருநாள் வாழைக்குத் தண்ணீர் கட்டப் போனபோது, வாய்க்காலுக்குள் ஒரு துப்பாக்கி கிடந்தது. யாரோ ஓடுகிற அவசரத்தில் போட்டுவிட்டுப் போனது. ஊரில் அதற்கொரு வழக்கம் இருந்தது. அப்படி ஏதும் கண்டால் வாய் திறக்கக் கூடாது, கல்லைக் கட்டிப் பாழுங்கிணற்றுக்குள் இறக்கிவிட வேண்டும். எங்கள் பக்கத்துப் பாழுங்கிணறுகளை இறைத்தால் ஒரு படைக்குப் போதுமான இரும்பு வரும். ஆனால் அண்ணன் சட்டம் தெரிந்தவர், ஒளிவுமறைவு இல்லாதவர். மடியில் கனமில்லை, வழியில் என்ன பயம் என்று சைக்கிளில் இராணுவ முகாமுக்குப் போய்ச் சொன்னார். அடுத்த நாள் சைக்கிளைக் கொண்டுவந்து கேற்றடியில் சாத்திவிட்டுப் போனார்கள். சைக்கிள் மட்டும்தான் வந்தது. மாமி அதைப் பல வருடம் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்.

எனவே இவருக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான், சொன்னவன்தான் வைத்திருந்தவன்.

ஒஸ்லோவில் பாழுங்கிணறு இல்லை, கடல் இருக்கிறது. கோடையில் எங்கள் ஆண்கள் மக்ரெல் மீன் பிடிக்கப் படகுத்துறைக்குப் போவது கோவிலுக்குப் போவது மாதிரி. அந்த ஞாயிற்றுக்கிழமை இவருடைய தூண்டில் பையில் தூண்டிலுக்குப் பக்கத்தில் அதுவும் போனது. மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போன சமயம் பார்த்து, துறையின் நுனியில் நின்று தண்ணீருக்குள் விட்டுவிட்டாராம். ரவைப்பெட்டியையும்தான். வரும்போது ஒரு வாளி மீன் கொண்டுவந்தார். அதைச் சுத்தம் செய்தவள் நான். அன்று நான் மீனைத் தொடவில்லை, அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

இலை உதிரத் தொடங்கிய நேரம் கிழவரின் மகள் கேக் ஒன்றுடன் வந்து கதவைத் தட்டினார். முகம் முழுக்கச் சந்தோஷம். அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்திருக்கிறது என்றார். பதியாத ஆயுதம் எது வைத்திருந்தாலும் கொண்டுவந்து கொடுக்கலாம், எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி இல்லை, தண்டனை இல்லை. பரம்பரையாக வந்ததென்றால் அனுமதி கேட்கவும் வழி இருக்கிறது. இயந்திரத் துப்பாக்கியை அப்படியே வைத்திருக்க விடமாட்டார்கள், ஆனால் இனி ஒருபோதும் சுடாதபடி குழலை அடைத்து ஒட்டிவிட்டால் குடும்பத்தின் நினைவுப்பொருளாகப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். தன் அப்பா சுவருக்குள் ஒரு இயந்திரத் துப்பாக்கியை ஒளித்தது சிறுவயதிலிருந்தே தெரியும் என்றார். சொன்னால் குற்றமாகிவிடுமோ என்று வீடு விற்கும்போதும் பேசாமல் இருந்திருக்கிறார். அந்தத் துப்பாக்கி அப்பாவுடையதல்ல, அவருடைய தம்பியுடையது. பத்தொன்பது வயதில் ஜெர்மன்காரர் காட்டுக்குள் சுட்டுக்கொன்று எங்கே புதைத்தார்கள் என்றே தெரியாமல் போன சித்தப்பா.

"எங்களுக்கு அவருடையது என்று அது ஒன்றுதான் இருக்கிறது" என்றார்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. அப்படி எதுவும் நாங்கள் காணவில்லை என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போலிருந்தது. அந்த அம்மா நிதானமாகக் கேக்கை வெட்டிக்கொண்டே, பரவாயில்லை, போலீஸில் ஏற்கெனவே எல்லாம் சொல்லிவிட்டேன், நாளை மறுநாள் ஆள் வந்து சுவரைப் பார்ப்பார்கள் என்றார். எங்கள் ஆட்கள் தும்மல் வந்தாலும் போலீஸுக்கு ஒளிப்பார்கள், இவர்கள் போலீஸிடம் கேட்டுவிட்டுத்தான் தும்முவார்கள்.

வந்தார்கள். சுவருக்குள் எண்ணெய்ச் சீலையின் ஒரு கிழிசலும், நீளமாக ஒரு துரு அடையாளமும் இருந்தன. மெஷின் கன் இருந்ததென்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார், இல்லையென்று ஒரு இலங்கைத் தமிழர் சொல்கிறார். எங்கள் நாட்டு இயக்கத்தின் ஆயுதமும் சமாதானப் பேச்சும் தொலைக்காட்சியில் ஓடிய காலம் அது. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கேள்வியைச் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார், அதை யாருக்குக் கொடுத்தீர்கள். மூன்றாம் முறை கேட்டபோது இவர் உண்மையைச் சொன்னார். அண்ணன், வாய்க்கால், சைக்கிள், படகுத்துறை எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அது இங்கே நடக்கவில்லையே. ஏன் ஒருமுறை தொலைபேசி எடுக்கவில்லை?"

சூடு கண்ட பூனையிடம் இது வேறு அடுப்பு என்று எப்படிச் சொல்வது?

பொதுமன்னிப்பு கொண்டுவந்து கொடுக்கிறவர்களுக்குத்தான், கடலில் போட்டவர்களுக்கு அல்ல. ஆனாலும், காலக்கெடுவுக்குள் பொருள் கையில் வந்தால் பேசிப் பார்க்கலாம் என்றார் அதிகாரி. இவர் ஒரு சிறிய நங்கூரக் கொழுக்கியும் நீளக் கயிறும் வாங்கினார். வேலை முடிந்து வந்ததும் படகுத்துறை. மழையிலும் போனார், பனி கொட்டத் தொடங்கிய பிறகும் போனார். போலீஸார் முக்குளிப்பவர் ஒருவரை ஒருநாள் இறக்கிப் பார்த்தார்கள். சேறு ஆழம், எதுவும் அகப்படவில்லை. மீன் பிடிக்க வந்த எங்கள் ஆட்கள், என்ன அண்ணை, திமிங்கிலத்துக்கோ என்று பகிடி பண்ணினார்கள். கொழுக்கியில் வந்ததெல்லாம் ஒரு துருப்பிடித்த சைக்கிள். அதைக் கண்ட அன்று கயிற்றை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

அந்த அம்மாவையும் ஒருநாள் துறைக்குக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினோம். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிறகு, இவர் யாருக்கும் விற்கவில்லை என்று தான் நம்புவதாகப் போலீஸில் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். சொன்னார்தான். அதனால் சிறைக்குப் போகாமல் அபராதத்தோடு முடிந்தது.

அபராதம் பெரிதல்ல. ஆனால் அபராதம் வாங்கியவர் குடியுரிமைக்கு மேலும் சில வருடம் காத்திருக்க வேண்டும், சட்டம் அப்படி. இவர் தொலைபேசியில் மாமிக்கு அதை விளங்கப்படுத்திப் பார்த்தார். மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நீ என்ன பிழை செய்தனி?" என்று கேட்டார்.

"ஒண்டும் செய்யேல்லை அம்மா. அண்ணா செய்ததைச் செய்யாமல் விட்டிட்டன்."

தொலைபேசி அட்டையில் காசு முடியும் வரை இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள்.

கடவுச்சீட்டு வந்தபோது பாதை மூடிவிட்டது. சிவப்பு அட்டையில் தங்க எழுத்து, அழகான புத்தகம். இவர் அதைத் திறந்து தன் படத்தைப் பார்த்தார், பிறகு அலுமாரிக்குள் போட்டார். மாமிக்கு அதற்குள் மற்றக் கண்ணும் போயிருந்தது. பிறகு யுத்தம், பிறகு தொலைபேசி இல்லை, பிறகு கடைசி மாதங்கள். யாரோ ஒருவர் அகதி முகாமிலிருந்து பேசி, இடம்பெயர்ந்து போகும் வழியில் மாமி போய்விட்டதாகச் சொன்னார். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டோம். புதைத்தவர்களும் உயிரோடு இல்லை என்றார். அண்ணனின் அந்தச் சைக்கிள்கூட மிஞ்சவில்லை.

அந்தக் கோடையில் இவர் கொழுக்கியையும் கயிற்றையும் தேடி எடுத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. அபராதம் கட்டியாயிற்று, காலக்கெடு போய்விட்டது, கடவுச்சீட்டு கையில் இருக்கிறது, இனி அது யாருக்கு என்று கேட்டேன்.

அவர் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "எங்களுக்குத்தான் ஒண்டும் மிஞ்சேல்லை. அந்த மனிசியின்ரை ஆக்களுக்காவது அவையின்ரை சாமான் கிடைக்கட்டும்."

ஒவ்வொரு கோடையிலும் போகிறார். நான் தேநீர்ப் போத்தலைக் கட்டிக் கொடுக்கிறேன். இதுவரை எதுவும் அகப்படவில்லை, அந்த அம்மாவின் எண்ணும் இன்னும் குளிர்சாதனப் பெட்டியில்தான் ஒட்டியிருக்கிறது.